எல்லாம் உள்ளூர்தான், கேப்டன்!

ஈஜியன் கடலின் சின்னத் தீவுகளில், கோடைக்கால மாலைகளில், துறைமுகத்தில் ஒரு கூத்து நடக்கும். உல்லாசப் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வரும். முன்பக்கம் நங்கூரத்தை இறக்கிவிட்டு, பின்னோக்கியே நகர்ந்து, கரைச்சுவரில் முதுகை ஒட்டி நிற்க வேண்டும் என்பது அந்தக் கடலின் வழக்கம். காற்று பக்கவாட்டில் தள்ளும். ஒருவர் சங்கிலிமேல் அடுத்தவர் சங்கிலி விழும். மதியம்வரை கொஞ்சிக் குலாவிய தம்பதிகள் ஊர் கேட்கக் கத்திக்கொள்வார்கள். உணவு விடுதி ஆட்கள் மெனு அட்டையும் கையுமாக ஓடிவந்து கயிறு பிடிப்பார்கள். ஒருவர் மட்டும் ஓட மாட்டார். கடை வாசலில், தக்காளிக் கூடைகளுக்கு நடுவே, நின்றபடி பார்த்துக்கொண்டிருப்பார். அவர்தான் துறைமுக மளிகைக்காரர். படகுகளுக்குச் சாப்பாட்டுச் சாமான் ஏற்றிவிடுவது அவர் பிழைப்பு. வேடிக்கை பார்க்கிறார் என்று நினைத்தால் தப்பு. மனத்துக்குள் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறார். முதல் தடவையிலேயே நங்கூரம் பிடித்த படகுக்கு ரொட்டி, முட்டை, ஐஸ். மூன்றாம் தடவையில் பிடித்த படகுக்கு ஒயின், அதிலும் பெரிய பாட்டில். கம்பியில் குழந்தைகளின் நீச்சலுடை காய்ந்தால் பாஸ்தா, சாக்லேட், பிஸ்கெட். கரைக்கு நீட்டிய பலகையின் ஓரத்தில் செருப்பைக் கழற்றிப் போட ஒரு கூடை வைத்திருந்தால் பெரிய இடம். சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுக்கொள்வார். ஆனால் யார் இறங்கி வந்தாலும் விளிப்பு ஒன்றுதான்: “கபெதானியே!” ஒரு வாரத்துக்குப் படகை வாடகைக்கு எடுத்து வந்திருக்கும் பல் டாக்டரும் அவருக்குக் கேப்டன்தான். அந்த ஒரு சொல்லிலேயே பில்லில் பாதி வசூலாகிவிடும்.

இவர்மேல் தீவுக்குத் தீவு ஒரே குற்றச்சாட்டு. பிரேயஸ் துறைமுகத்திலிருந்து ஃபெர்ரியில் வந்திறங்கிய சரக்கை, ‘எல்லாம் உள்ளூர்தான், கேப்டன்’ என்று சொல்லி விற்றுவிடுகிறார் என்பது அது. குற்றச்சாட்டு பெரும்பாலும் உண்மை. நான் அதை மறுக்கப் போவதில்லை. அந்தப் பொய்யில் அவருடைய பங்கு எவ்வளவு, வாங்குபவருடைய பங்கு எவ்வளவு என்பதுதான் எனக்குக் கேள்வி. கணக்குப் பார்த்தால் மளிகைக்காரருக்குச் சிறுபங்குதான் தேறும். ஏனென்றால் படகில் வருபவர் கேட்பது உள்ளூர்ச் சாப்பாட்டை அல்ல. தன் வீட்டுச் சாப்பாட்டின்மேல் ஒட்டிய உள்ளூர்ச் சீட்டை. சாப்பாட்டை அவரே மனத்தில் கொண்டுவந்துவிடுகிறார். சீட்டை மட்டும் கடைக்காரர் ஒட்டித் தருகிறார். பசைக்கும் சேர்த்து ஒரு விலை போட்டுக்கொள்கிறார்.

பெரிய படகுகளை எடுத்துக்கொள்வோம். அவற்றை வாடகைக்கு எடுப்பவர்கள் கிளம்புவதற்கு முன்பே ஒரு விருப்பப் படிவத்தை நிரப்பித் தருகிறார்கள். காலையில் என்ன பால், முட்டை எத்தனை நிமிடம் வேக வேண்டும், யாருக்கு எந்தப் பருப்பு ஒவ்வாது, எந்த நாட்டுத் தண்ணீர், அதில் குமிழி உண்டா இல்லையா என்று ஜாதகம் கணிக்கிற நுணுக்கத்தோடு அது போகும். சாப்பாடு, எரிபொருள், துறைமுகக் கட்டணம் எல்லாவற்றுக்குமாக வாடகையில் 25 முதல் 35 சதவீதம் வரை தனியே முன்பணம் கட்டுவது வழக்கம். ஆகவே பணத்துக்குக் குறைவில்லை. ஓட்ஸ் பால், பாதாம் பால், அவகாடோ, நார்வே சால்மன், கோதுமைப் பசை இல்லாத ரொட்டி என்று வரிசையாக எழுதிவிட்டு, கடைசி வரியில், மனச்சாட்சிக்காக, ‘முடிந்தவரை உள்ளூர் உணவு’ என்று ஒரு குறிப்பு. இந்தப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு படகின் செஃப் கடைக்கு வரும்போது, அந்தக் கடைசி வரிக்கும் மற்ற வரிகளுக்கும் இடையே இருக்கிற கடலை யார் தாண்டுவது? செஃப் தாண்ட மாட்டார். அவருக்கு வேலை முக்கியம். விருந்தாளி தாண்ட மாட்டார். அவர் விடுமுறையில் இருக்கிறார். ஆக மளிகைக்காரர்தான் தாண்ட வேண்டும். அவகாடோவைக் கையில் எடுத்து, ஒருமுறை பாசத்தோடு தடவி, “கிரேக்கச் சூரியன்” என்கிறார். அந்தப் பழம் எங்கே பழுத்ததோ, அங்கேயும் சூரியன் உதிக்காமலா இருந்திருக்கும்?

சரி, நேர்மையாக உள்ளூர்ச் சாப்பாடுதான் வேண்டும் என்று ஒருவர் பிடிவாதமாக வருகிறார் என்றே வைத்துக்கொள்வோம். ஆகஸ்டு மாதத்து சிக்லேட்ஸ் தீவுகளில் அவருக்கு என்ன கிடைக்கும்? மழை குளிர்காலத்தோடு முடிந்துவிடும். மண் வெந்து கிடக்கும். வடக்கிலிருந்து மெல்தெமி காற்று செடியைத் தலைதூக்க விடாது. அங்கே விளைவது தாகத்துக்குப் பழகியவை: நீர் பாய்ச்சாமல் வளர்கிற சிறு தக்காளி, பாறையிடுக்கில் முளைக்கும் கேப்பர், பார்லி, கொண்டைக்கடலை, அத்திப்பழம், தைம் பூத் தேன். சாண்டோரினியின் குட்டித் தக்காளிக்கும், ஃபாவா என்று அவர்கள் சொல்கிற மஞ்சள் பருப்புக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பெயர்ப் பாதுகாப்பே உண்டு. சிஃப்னோஸில் சனிக்கிழமை இரவு கொண்டைக்கடலையை மண்சட்டியில் விறகடுப்பில் ஏற்றினால் ஞாயிறு மதியத்துக்குத்தான் இறக்குவார்கள். அபாரமான சாப்பாடு. ஆனால் பயண நூல் படித்துவிட்டு வந்தவர் கேட்பது இவற்றை அல்ல. மலையில் பறித்த காட்டுக்கீரை கேட்கிறார். காட்டுக்கீரை மழைக்குப் பின்னால், குளிரில் முளைப்பது. அவர் வந்திருப்பதோ மலையில் முள்ளைத் தவிர ஏதும் மிஞ்சாத மாதத்தில். கோடையில் கிடைக்கும் கீரை, கிணற்றடித் தோட்டத்தில் வளரும் வ்லீத்தாவும் கிளிஸ்திரிதாவும். முன்னது நம்முடைய குப்பைக்கீரையின் பங்காளி. பின்னது அசல் பருப்புக்கீரையேதான். மளிகைக்காரர் ஒரு கட்டு வ்லீத்தாவை எடுத்துத் தாளில் சுற்றி, மலை இருக்கும் திசையைப் பார்த்து மெல்லத் தலையசைக்கிறார். வாயால் ஒன்றும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மலையை ஏற்றியது வாங்கியவரின் கற்பனை.

இதைவிட வேடிக்கை பாலாடைக்கட்டிக் கதை. கிரேக்கத் தீவில் இறங்குகிறவர்கள் தவறாமல் கேட்பது ‘உள்ளூர் ஃபெட்டா’. 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் ஃபெட்டா என்ற பெயரைக் கிரேக்கத்துக்கே உரியதாகப் பதிவு செய்தது. டென்மார்க்கும் ஜெர்மனியும் வழக்காடிப் பார்த்து 2005இல் தோற்றன. கிரேக்கர்கள் கொண்டாடினார்கள். ஆனால் அந்தச் சட்டத்தின் எல்லைக்கோடு நிலப்பகுதி மாநிலங்களையும் லெஸ்வோஸ் வட்டாரத்தையும் சுற்றித்தான் ஓடுகிறது. சிக்லேட்ஸ் தீவொன்றில் ஒருவர் தன் ஆட்டின் பாலில், தன் கையால், அதே முறையில் செய்தாலும் அதற்கு ஃபெட்டா என்று பெயர் வைத்தால் குற்றம். அதாவது அந்தத் தீவுகளில் ‘உள்ளூர் ஃபெட்டா’ என்பது சட்டப்படி இருக்கவே முடியாத பண்டம். இதை மளிகைக்காரர் விளக்கப் போனால் ஐஸ் உருகிவிடும். போகட்டும் என்று உண்மையான தீவுச் சீஸை எடுத்துக் காட்டினாலும் வம்பு தீர்வதில்லை. நாக்ஸோஸின் பெயர்பெற்ற கிராவியேரா பெரும்பகுதி பசும்பாலில் ஆவது. சீரோஸின் சான் மிகாலியும் பசும்பால்தான். வந்தவர் முகம் சுருங்குகிறது. கிரேக்கம் என்றால் ஆடு, ஆட்டின் கழுத்தில் மணி, மணிக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் என்று அவர் தீர்மானித்து வந்திருக்கிறார். பசு அந்தப் படத்தில் இல்லை. கடைசியில் நிலப்பகுதித் தொழிற்சாலையில் உறையிட்ட ஃபெட்டாவை, கடைக்காரர் உறையைப் பிரித்து, தகர டப்பாவில் உப்புநீரோடு போட்டுத் தருகிறார். முகம் மலர்கிறது. இதில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்று எந்த நீதிபதியாவது சொல்லட்டும்.

இது இன்றைய சுற்றுலாச் சீரழிவு என்று பெருமூச்சு விடுகிறவர்களுக்கு ஒரு பழைய ரசீதைக் காட்ட வேண்டும். கோஸ் தீவின் ஒயின் பழங்காலத்தில் பெயர்போனது. அதில் கடல்நீர் கலப்பது அந்த ஊர் வழக்கம். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ரோமானியரான கேட்டோ, வேளாண்மை பற்றிய தன் நூலில், கோஸ் ஒயினை இத்தாலியில் வீட்டிலேயே செய்துகொள்ளும் பக்குவத்தை எழுதிவைத்தார். ஒயினை மட்டுமா செய்தார்கள்? கோஸ் ஜாடியின் இரட்டைக் கைப்பிடியையும் அச்சாக நகலெடுத்தார்கள். புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் கிடைத்த ஜாடி ஓடுகளை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், அவற்றில் அசல் கோஸ் ஜாடிகளும் உண்டு, போலிக் கோஸ் ஜாடிகளும் உண்டு என்று காட்டினார். யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டு பேசுகிறது. மகளிர் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தர அதைப் பருகிய பாண்டியன், இது எந்தக் கரையில் ஊறியது என்று விசாரித்ததாகச் செய்தி இல்லை. விசாரிக்காததால் அவனுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. மறுபக்கம், விசாரித்தே தீருகிறவர்களும் அன்றே இருந்தார்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் சிசிலியின் ஆர்க்கெஸ்ட்ராட்டஸ் என்ற புலவர், எந்தத் துறைமுகத்தில் எந்த மீனை வாங்க வேண்டும், பார்லி மாவுக்கு லெஸ்வோஸின் எரெசோஸே சிறந்தது என்றெல்லாம் ஒரு கவிதையே எழுதினார். அவர் வந்து இறங்கும்போது அந்தக் காலத்து மளிகைக்காரரும் சட்டைப் பொத்தானைச் சரிசெய்திருப்பார், சட்டை இருந்திருந்தால். ஏன், கிரேக்க மக்கள் சமையல் நூலுக்கே மறுபெயராக வழங்கும் அளவுக்குப் புகழ்பெற்ற செலமென்டெஸ் சிஃப்னோஸ் தீவைப் பூர்விகமாகக் கொண்டவர். வியன்னாவிலும் அமெரிக்காவிலும் வேலை பார்த்துத் திரும்பி, மூசக்காவின் தலையில் பிரெஞ்சு வெள்ளைச் சாஸை ஊற்றிப் பரப்பியவர் அவர்தான். அதைத்தான் இன்று வருகிறவர்கள் ‘பாட்டி கைப்பக்குவம்’ என்று சப்புக்கொட்டுகிறார்கள்.

அப்படியானால் உண்மையான உள்ளூர்ச் சரக்கு என்று ஒன்று கிடையவே கிடையாதா என்றால், உண்டு. அது கடையில் இல்லை, அவ்வளவுதான். தீவுக்காரர் பெரும்பாலோர் தக்காளியையும் தேனையும் எலுமிச்சையையும் கடையில் வாங்குவதில்லை. தன் தோட்டத்தில் இருக்கும், இல்லாவிட்டால் மச்சான் தோட்டத்தில் இருக்கும். கடைக்கு அவர்கள் வருவது டின் பாலுக்கும், பாக்கெட் ரொட்டிக்கும், உறைந்த கணவாய்க்கும், சலவைத்தூளுக்கும். ஆக, ஒரே கல்லாவில், வெளியூர்ச் சரக்கை உள்ளூர்க்காரர் வாங்குகிறார். உள்ளூர்ச் சரக்கை வெளியூர்க்காரர் கேட்கிறார். நல்ல பண்டமெல்லாம் சம்பந்திக்கும் பக்கத்து வீட்டுக்கும் கோவில் பாதிரியாருக்கும் விலையில்லாமல் போய்க்கொண்டிருக்கும் ஒரு வலைப்பின்னலுக்குள் இருக்கிறது. அதற்குள் கையை விட்டு ஒரு டஜன் முட்டையை வெளியே எடுக்கக்கூடியவர் தீவில் ஒரே ஒருவர், நம் மளிகைக்காரர். மேட்டுத்தெரு விதவையின் கோழி எப்போது இடும், அவளுக்கு அவர் எத்தனை மாதக் கடன் பொறுத்திருக்கிறார், அவள் மகனுக்கு எந்தக் கப்பலில் வேலைக்குச் சொல்லிவைத்திருக்கிறார் என்ற கணக்கெல்லாம் தெரிந்தால்தான் அந்த முட்டை இறங்கி வரும். ஃபெர்ரியில் ஒரு டன் சரக்கு வரவழைக்க ஒரு போன் போதும். இந்தப் பன்னிரண்டு முட்டைக்கு ஒரு தலைமுறை உறவு வேண்டும்.

அந்த முட்டையின் அருமை தெரிந்த படகுக்காரர்களும் இல்லாமல் இல்லை. மாதக்கணக்கில் கடலிலேயே கிடக்கும் வயதான தம்பதிகள் சிலர் உண்டு. வெயிலில் தோல் பழுத்து, பழைய படகில், யாருக்கும் செருப்புக் கூடை வைக்காமல் வருவார்கள். கழுவாத முட்டை ஃபிரிட்ஜ் இல்லாமலே வாரக்கணக்கில் தாங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அட்டைப்பெட்டியின் மடிப்பில் கரப்பான் முட்டை ஒளிந்து படகேறிவிடும் என்று, பெட்டியைக் கரையிலேயே வீசிவிட்டுச் சாமானை மட்டும் எடுத்துப் போவார்கள். கேட்பது பார்லி ரஸ்க், ஆலிவ், வெங்காயம், கடின சீஸ். இவர்களிடம் மளிகைக்காரர் ‘உள்ளூர்’ என்ற சொல்லையே எடுப்பதில்லை. “தக்காளி கிரீட்டிலிருந்து வந்தது, நாளை வரை பொறுத்தால் என் தம்பி தோட்டத்தில் பறிப்பான்” என்று உண்மையைச் சொல்லிவிடுகிறார். ஆளைப் பார்த்துத்தான் அவர் பொய் சொல்கிறார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இருந்தாலும் விலை அநியாயம் அல்லவா என்பார்கள். படகின் நீளத்தைப் பார்த்து விலை சொல்கிறார் என்பதும் சில கடைகளில் நிஜம். ஆனால் அந்தப் படகு நிற்கும் இடத்துக்குக் கட்டணம் நீளத்தை வைத்து. அடியில் பூசும் பெயிண்டுக்கும் கணக்கு நீளத்தை வைத்து. அதன் சொந்தக்காரர் மற்றவர்களிடம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதும் நீளத்தை வைத்து. தக்காளி மட்டும் எடையில் நிற்க வேண்டும் என்பது என்ன நியாயம்? விளையாட்டை விட்டுச் சொன்னால், நான்கைந்து மாத வியாபாரத்தில் அவர் பன்னிரண்டு மாதம் வாழ வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் கப்பல் கூலி உண்டு. படகுகள் போன பிறகு, நவம்பரிலிருந்து, கடனுக்கு எழுதும் நோட்டு திறக்கிறது. மீன் படாத வாரங்களிலும் ஊர் சாப்பிட்டாக வேண்டும். கோடையில் வெளிநாட்டவர் கூடுதலாகக் கொடுத்த காசுதான் குளிர்காலத்தில் ஊராரிடம் கடனாக நிற்கிறது. இதை யாரும் தர்மம் என்று சொல்லவில்லை. அவரும் சொல்ல மாட்டார்.

வாடகைப் படகுகளுக்கு லெஃப்காடாவிலோ ஏதென்ஸின் அலிமோஸிலோ சூப்பர்மார்க்கெட்டே சனிக்கிழமை சாமானைக் கொண்டுவந்து படகில் ஏற்றிவிடுகிறதே, இவர் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. செவ்வாய்க்கிழமை வரை பொறுத்திருந்து கேட்கலாம். படகு ஃபிரிட்ஜ் பேட்டரியில் ஓடுவது. செவ்வாய்க்குள் கீரை கூழாகி, ஐஸ் வெந்நீராகி, ஏழு நாளைக்கு என்று ஏற்றிய பீர் மூன்று நாளில் முடிந்திருக்கும். உண்மையில் யோசிக்க வைக்கும் ஆட்சேபம் இன்னொன்று: தண்ணீருக்கே திண்டாடும் தீவில், இருக்கிற கொஞ்சம் நல்ல பண்டத்தையும் படகுகள் அள்ளிப் போனால் ஊருக்கு என்ன மிஞ்சும்? இதில் நியாயம் இருக்கிறது. சில தீவுகளில் ஆகஸ்டில் ஊர்க்காரர் தக்காளி வாங்கத் தயங்கும் விலை வந்துவிடுகிறது. ஆனால் மளிகைக்காரரின் கல்லாவுக்குக் கீழே ஒரு தனி அலமாரி இருக்கும். அதில் இருப்பது எந்தக் கேப்டனுக்கும் தெரியாது. ஒடிசியில் மகன் டெலிமாக்கஸ் ரகசியப் பயணத்துக்காகப் பண்டகசாலை காக்கும் கிழவியிடம் 12 ஜாடி ஒயினும் 20 அளவு பார்லி மாவும் கேட்கும்போது, வீட்டுத் தலைவர் ஒடிசியஸுக்கென்று எடுத்துவைத்ததற்கு அடுத்த தரத்து ஒயின் போதும் என்றுதான் கேட்கிறான். முதல் தரம் ஜாடியை விட்டு அசையவில்லை. அந்தப் பண்டகசாலைக் கிழவியின் விதியைத்தான் இன்றைய கடைக்காரரும் காக்கிறார். படகேறுவதெல்லாம் இரண்டாம் தரம்தான்.

என் வாதத்துக்குக் கடைசிச் சாட்சியைக் காற்றே கொண்டுவரும். மெல்தெமி உரத்து வீசும் நாட்களில் துறைமுகக் காவலர் கப்பல்களைப் புறப்பட விட மாட்டார்கள். ஃபெர்ரி வராது. படகுகளும் வெளியேற முடியாமல் துறையிலேயே கட்டிக்கிடக்கும். இரண்டாம் நாள் அவகாடோ தீரும். மூன்றாம் நாள் ஓட்ஸ் பால், சால்மன், பாக்கெட் ரொட்டி, உறைபோட்ட ஃபெட்டா எல்லாம் தீரும். அலமாரியில் மிஞ்சுவது பார்லி ரஸ்க், கொண்டைக்கடலை, கேப்பர், தேன், புளித்த ஆட்டுச்சீஸ், தோட்டத்துக் குட்டித் தக்காளி. வருடத்தில் அந்தச் சில நாட்கள்தான் கடை முழுக்க, நூற்றுக்கு நூறு, பொய்யே இல்லாமல் உள்ளூர்ச் சரக்கு. அன்று மளிகைக்காரரின் முகத்தில் ஒரு கம்பீரம் இருக்கும். செஃப்கள் வருவார்கள், பல் டாக்டர்கள் வருவார்கள். அலமாரியை மேலும் கீழும் பார்ப்பார்கள். கொண்டைக்கடலைச் சாக்கை விரலால் ஒருமுறை குத்திப் பார்ப்பார்கள். பிறகு எல்லோரும் கேட்பது ஒன்றே:

“கடையில் ஒன்றுமே இல்லையே, கப்பல் எப்போது வரும்?”

“நாளைக்கு, கபெதானியே,” என்பார் அவர். காற்று நாளைக்கும் நிற்காது என்று அவருக்குத் தெரியும்.